தெருவில் திரிந்த இருமல்

ஆவாரங்காட்டு வலசு என்கிற ஊரில் கரண்டு இருக்கிற நேரத்தில் யாரும் யாரையும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் கேட்டதில்லை. வீட்டுக்கு வீடு விசைத்தறி, முன்னறையில் ரெண்டு, பின்கட்டில் நாலு, மாட்டுக்கொட்டாயை இடித்துவிட்டு அதில் எட்டு என்று அத்தனையும் பகலும் ராத்திரியுமாய் அடிக்கிற அடியில், பேச்சு முழுக்க உதட்டிலும் கையிலும் புருவத்திலும்தான் நடந்தது. பெண் கேட்டதும் உதட்டில்தான், சண்டை போட்டுச் சாபம் விட்டதும் உதட்டில்தான், அங்கே பிறந்த பிள்ளைகள் தாலாட்டைக் காதால் கேட்டதில்லை, அம்மாவின் வாயைப் பார்த்தபடியே தூங்கின. அப்பேர்ப்பட்ட ஊரில்தான், மாத்திரை எல்லாம் தின்று முடித்து, உடம்பு தேறி, பாவாயி வீடு திரும்பின அன்றைக்கு மத்தியானம் பட்டென்று கரண்டு போக, தெரு நடுவில் ஆள் இல்லாமல் ஒரு இருமல் மட்டும் தனியாக நடந்து போனது.

இருமல் என்றால் வெறும் இருமல். நெஞ்சும் இல்லை, வாயும் இல்லை, பொத்திக்கொள்ள ஒரு கையும் இல்லை. குழாயடியில் கிளம்பி, பொன்னையன் தறிப்பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று, மளிகைக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வழியில் படுத்திருந்த ஆடு ஒன்று எழுந்து அதற்கு இடம் விட்டது. பாவாயிக்குப் பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு, இடுப்புக் குடத்தை இறக்காமல் அது போகிற திசைக்கெல்லாம் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பாவாயி இருமலாச்சே" என்றாள். சொன்னதோடு சரி. அவளும் ஆச்சரியப்படவில்லை, கூட நின்றவர்களும் ஆச்சரியப்படவில்லை. மாசக்கணக்கில் ஒருத்தி இருமியிருக்கிறாள், அவ்வளவும் எங்கேதான் போகும்? ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், இருமல் போக்கிடம் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டது, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் 'பாவம்' முதல் நாளோடு சரி.

பாவாயி அப்போது வீட்டுக்குள் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். ஆள் இல்லாமல் கிடந்த வீட்டில் பஞ்சுத் தூசி பாய் விரித்த மாதிரி படிந்து கிடந்தது. மகள் தர்சினி வந்தால் தும்மக் கூடாதே என்று மூலை முடுக்கெல்லாம் துடைத்து, பிள்ளைக்கென்று ஒரு பாயையும் தலகாணியையும் வெயிலில் போட்டிருந்தாள். வெளியே அந்தச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்தாள். துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தெருவே அது உன்னுது என்று சொல்லும்போது, அது தன்னுடையதுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் தான் இருமுவதை அவள் ஒரு நாளும் காதால் கேட்டதே இல்லை.

அது எப்படி என்று கேட்பீர்கள். பொன்னையன் பட்டறையில் அவள் தறி ஓட்டினவள். குறுக்கு நூலான ஊடை சுற்றின தார்க்குச்சி தீர்ந்துபோனால், புதுத் தாரைத் தறிக்குக் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டைக்குள் சொருகி, நாடாவின் பக்கத்தில் இருக்கிற பொட்டுக் கண்ணில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல்நுனி வெளியே வந்துவிடும். கோர்ப்பதற்கென்று ஒரு கம்பி உண்டு, இல்லாமல் இல்லை, அதை யார் தேடிக்கொண்டு கிடப்பது? வாய்தான் சுளுவு. பகலில் ஓட்டுகிறவளும் ராத்திரியில் ஓட்டுகிறவனும் அதே நாடாவில்தான் வாயை வைப்பார்கள். இத்தனைக்கும் எச்சில் விஷயத்தில் அந்த ஊர் ரொம்பக் கறார். சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டுக்குப் போனாலும் தம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள், பெத்த பிள்ளை கடித்த முறுக்கைக்கூடத் தொட மாட்டார்கள். நாடாவுக்கு மட்டும் எச்சில் கிடையாது, அது தொழில். பாவாயிக்கு முன்னால் அந்தத் தறியில் நின்ற மாரப்பன் இளைத்து இளைத்துக் கடைசியில் செத்துப்போனபோது, குடித்துக் குடல் வெந்து செத்தான் என்று ஊரே சொன்னது. அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவன் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. இருமல் வந்தால் தறி ஓடும்போது இருமிக்கொள்ள வேண்டும், தறி நின்றால் அடக்கிக்கொள்ள வேண்டும். இதை யாரும் யாரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, சோறு பிசைந்து தின்னப் பழகின மாதிரி தானாகப் பழகிக்கொண்டார்கள். பாவாயியும் அப்படித்தான் இருமினாள். தறிச் சத்தத்துக்குள் நெஞ்சு கிழிகிற மாதிரி இருமிவிட்டு, தறி நிற்கிற நேரமெல்லாம் உதட்டைக் கடித்து, கண்ணில் தண்ணி முட்ட, தொண்டைக்குள்ளேயே அதை விழுங்கிவிடுவாள். விழுங்கி விழுங்கி ஒருநாள், தறியில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளை வேட்டித் துணியின் மேல் குபுக்கென்று சிவப்பாக வந்து விழுந்துவிட்டது. இருமலை மறைக்கலாம், வெள்ளைத் துணியில் ரத்தத்தை எப்படி மறைப்பது? பொன்னையன் வந்து பார்த்தார். ரெண்டு விரலால் வாசலைக் காட்டினார். துணியை வெட்டிக் கொளுத்தினார், அவள் நின்ற இடத்தில் பினாயிலை ஊற்றிக் கழுவினார், அவள் சோத்துப் போசியைக் குச்சியால் தள்ளித் தெருவில் போட்டார். நாடாவை மட்டும் லுங்கியில் ஒரு துடை துடைத்து அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கே பாவாயி புருசன் செங்கோடனுக்கு அக்கா, பாவாயிக்கு நங்கையா முறை ஆகிற அத்தாயி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேலத்தெருவிலிருந்து வந்துவிட்டாள். அத்தாயி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், பிள்ளை இல்லாதவள், தம்பி மகள் மேல் உயிரையே வைத்திருந்தவள். ஆனால் படி ஏறவில்லை, வாசலில் நின்றபடியே சேலை முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு பேசினாள்.

"அக்கட்டால நில்லு பாவாயி, புள்ள பக்கத்துல வராத."

"நான் தொடலைங்க நங்கையா. தூரத்துல இருந்து பாத்துக்கறேன்."

"புள்ளையும் என்ற தம்பியும் என்ற ஊட்ல இருக்கட்டும். நீ நல்லாயிட்டு வா. நல்லாயிட்டு வந்தயின்னா புள்ளைய உன்ற கையில புடிச்சுக் குடுக்கறேன், இது சத்தியம்."

தர்சினி அழுதுகொண்டே போனாள். அதற்குள் கரண்டு வந்து தறிகள் ஓட ஆரம்பித்திருந்ததால் அந்த அழுகையும் பாவாயிக்குக் கேட்கவில்லை, வாய் திறந்து திறந்து மூடினதுதான் தெரிந்தது. அந்த ஒரு சத்தியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவள் உயிரோடு கிடந்தாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கை நிறைய மாத்திரை, தின்றால் குடலைப் புரட்டும், மூத்திரம் செக்கச்செவேல் என்று போகும், கை கால் எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பாதியில் மாத்திரையை விட்டுவிட்டுச் செத்துப்போனாள். பாவாயி விடவில்லை. வாந்தி எடுத்தால் வாயைக் கழுவிக்கொண்டு நர்சம்மாவிடம் போய் நிற்பாள். எல்லாம் முடிந்து, சளியைப் பரிசோதித்து, படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த நர்சம்மா சொன்னாள்: "இனி உன்னால யாருக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. போ, போய்ப் பிள்ளையக் கட்டிப் பிடிச்சுத் தூங்கு." பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் பாவாயி அந்த வார்த்தையையே மென்றுகொண்டு வந்தாள்.

வந்து இறங்கினால், இருமல் தெருவில் திரிகிறது.

அத்தாயிக்குச் சேதி அன்று சாயந்திரமே போய்விட்டது. செங்கோடனை அனுப்பினாள். அவன் வந்து தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, கையைப் பிசைந்தான். பாவாயி வாசலில் இருந்தாள். நடுவில் அத்தனை வீட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவன் உதட்டாலேயே சொன்னான்: உன்ற இருமல் இன்னும் தெருவுல சுத்துதாமா. அது போகட்டும், அப்புறமேட்டுக்குப் புள்ளையக் கூட்டியாறேன். அவள் உதட்டாலேயே கேட்டாள்: நீங்க? அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். நல்ல மனுசன்தான், ஆனால் அக்கா சொல்லைத் தட்டின ஜென்மம் இல்லை அது.

இருமலை ஊர் எப்படி வைத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் பயந்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள், எதுக்குத்தான் பழகவில்லை நாம்! கரண்டு போனால் அது வரும் என்று தெரிந்துபோனதால், கரண்டு போனதும் அடுப்பை அணைக்கிறார்களோ இல்லையோ, கதவைச் சாத்தினார்கள். மளிகைக்கடைக்காரர் பெஞ்சின் ஒரு ஓரத்தை அதற்கென்று விட்டு, சாக்கட்டியால் கோடு கிழித்தார், அந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை. டீக்கடையில் ஒரு கண்ணாடி கிளாசை ஆணியில் தனியாக மாட்டிவைத்து, அது வந்து உட்கார்ந்தால் வெந்நீர் ஊற்றி முன்னால் வைத்தார்கள், அப்போதுதான் கொஞ்சம் சீக்கிரமாக எழுந்து போகும் என்று. பூசாரி வந்து எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டார், இருமல் பழத்தைத் தாண்டிப் போனது. யாரோ ஒருத்தர் மகளைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பாழாய்ப்போன கரண்டு போக, இருமல் உள்ளே வந்து நடுக்கூடத்தில் நின்று ஆர அமர இருமிவிட்டுப் போனது. வந்தவர்கள் பாதி பஜ்ஜியோடு எழுந்துகொண்டார்கள். அதற்கும் பாவாயிதான் ஏச்சு வாங்கினாள். பால் திரிந்தால் பாவாயி இருமல், பாவு நூல் அறுந்தால் பாவாயி இருமல், புருசன் வீட்டுக்கு வராவிட்டால்கூடப் பாவாயி இருமல் என்று ஆகிப்போனது.

குழாயடியில் அவள் குடம் கடைசி. அவள் பிடித்துவிட்டுப் போன பிறகு குழாயைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். ஒரு பட்டறையிலும் வேலை இல்லை. சந்தைக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கி வந்து உருவிக் கட்டி விற்றுப் பார்த்தாள், உள்ளூரில் ஒரு கட்டு போகவில்லை, அடுத்த ஊருக்கு நடந்து போய் விற்றுவிட்டு வந்தாள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். வெயிலில் காய வைத்த பாயை மறுபடி சுருட்டி மூலையில் சாத்தி வைத்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பொன்னையன்தான் பேசினார். "ஏம்மா, உன்ற ஆடு அடுத்தவன் காட்டுல மேஞ்சா யாரு புடிச்சுக் கட்டோணும்? நீதான கட்டோணும்? அது மாதிரிதான் இதும். உன்ற இருமலை நீதான் புடிச்சு ஊட்டுக்குள்ள வெச்சுக்கோணும்."

"எனக்கு நல்லாயிருச்சுங்கண்ணா. ஆஸ்பத்திரியிலயே சொல்லிப்போட்டாங்க."

"உனக்கு நல்லாயிருச்சு. அதுக்கு நல்லாகுலையே."

எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயம்தானே என்கிற மாதிரி இருந்தது, கேட்கிறவர்களுக்கு.

பாவாயியும் பிடித்துப் பார்த்தாள், என்ன செய்வாள் பாவம். பிள்ளை வேண்டுமே. கரண்டு போன மத்தியானங்களில் எல்லாக் கதவும் சாத்திக் கிடக்க, அவள் ஒருத்தி மட்டும் தெரு நடுவில் நின்று, கோழியைக் கூப்பிடுகிற மாதிரி "பா பா பா" என்று தன் இருமலைக் கூப்பிட்டாள். நோயில் கிடந்தபோது படுத்த கோரைப்பாயை வாசலில் விரித்து வைத்தாள், அப்போது கட்டின பழைய சேலையைக் கொடியில் போட்டாள், கஞ்சி காய்ச்சி ஆறவைத்தாள். "வா சாமி, என்ற கூட வந்துரு, உன்ன நான் வெச்சுக் காப்பாத்தறேன், என்ற புள்ளைய எங்கிட்டக் குடுக்கச் சொல்லு" என்று அழுதாள். இருமல் அவள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொன்னையன் வீட்டுப் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பாகவும் இருந்தது.

அப்படி ஒரு நாள் அழுது ஓய்ந்துபோய், மளிகைக்கடைப் பெஞ்சில், சாக்கட்டிக் கோட்டுக்கு அந்தப் பக்கம், இருமலுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து அது இருமுவதைக் கேட்டாள். கூப்பிடாமல், அழாமல், சும்மா கேட்டாள். ஆஸ்பத்திரி வார்டில் தன் இருமலைப் பழக்கதோஷத்தில் தலகாணியில் அமுக்கிக்கொண்டு, கட்டில் கட்டிலாக விதவிதமான இருமலைக் கேட்டுத் தூங்கினவள் அவள், எது எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியும். கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று புரிந்தது. அது ஒரு ஆளின் இருமல் இல்லை. அதில் மாரப்பனின் கரகரப்பு இருந்தது. வயிறு வரைக்கும் போகிற ஒரு கிழட்டு இருமல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற பொம்பளை இருமல் நாலைந்து இருந்தது. பல்லைக் கடித்து விழுங்கின இருமல்கள், தறிச் சத்தத்துக்குள் ஒளித்துவைத்த இருமல்கள், அத்தனையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, போக்கிடம் இல்லாமல் தெருத்தெருவாகத் திரிந்துகொண்டிருந்தன. தன் இருமலை யாரும் தன் காதால் கேட்டதில்லை, அதனால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நோய் என்று வெளியே தெரிந்தவள் பாவாயி ஒருத்தி, அதனால் அது பாவாயி இருமல்.

அதை அவள் போய்ச் சொன்னாள், பைத்தியக்காரி. "அது என்ற இருமல் மட்டும் இல்லைங்க, நம்ம எல்லாருதும் அதுல இருக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியக் குடுத்துப் பாருங்க, மாத்திரை தின்னா நல்லாயிருதுங்க" என்று வீட்டு வீட்டு வாசலில் நின்று சொன்னாள். சொன்னதுதான் தாமதம், ஊருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! தன் பீடையை ஊர் தலையில் கட்டப் பார்க்கிறாளே என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். பொன்னையன் சம்சாரம் விளக்குமாற்றைக் காட்டினாள். அத்தனைக்குப் பிறகும் மறுநாள், பொழுது விடிகிற நேரத்தில், சின்னப்பொண்ணு புழக்கடை வழியாக வந்து நின்றாள். கரண்டு போய்த் தறிகள் எல்லாம் நின்று, இருமலும் கோயில் பக்கம் போயிருக்க, ஊரே நிசப்தமாக இருந்தது, இருந்தும் அவள் சத்தம் வராமல் உதட்டாலேயே பேசினாள். எங்க ஊட்டுக்காரருக்கு மார்ல ஒரு வலி. அந்த மாத்திரை பேரு என்ன?

"பேரு தெரிஞ்சு என்ன பண்றது? ஆளக் கூட்டிக்கிட்டுப் போ சின்னப்பொண்ணு. அங்க சும்மாவே குடுக்கறாங்க."

சின்னப்பொண்ணு தலையை ஆட்டினாள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாக்கறோம், ஆஸ்பத்திரி வரிசையில யாராச்சும் பாத்துட்டா? என்று உதட்டால் சொல்லிவிட்டு வந்த வழியே போனாள். மறுபடி குழாயடியில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த நேரத்தில் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் கரண்டு போகுமா? போகவே இல்லை. ஓட்டுக் கேட்டு வந்த வேனின் மைக் சத்தத்தையும் சாப்பிட்டுவிட்டுத் தறிகள் விடாமல் ஓடின, ஒரு நிமிஷம் நிற்கவில்லை. நாலைந்து நாள் இருமல் கேட்கவில்லை. ஒரு வாரம் கேட்கவில்லை. அப்புறம் ஊர் மெல்லத் தலையை நிமிர்த்தி, அட, இருமல் போயிருச்சப்பா என்று சொல்லிக்கொண்டது. மளிகைக்கடைக்காரர் சாக்கட்டிக் கோட்டை அழித்தார். டீக்கடை கிளாசை உடைத்துப் போட்டார்கள். பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்து, எந்தச் சாமி விரட்டியது என்று ரெண்டு பூசாரிகள் சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள். கரண்டு போகாததால்தான் கேட்கவில்லை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியதை ஒருத்தரும் சொல்லவில்லை. பாவாயிக்கு? அவளுக்குத் தோன்றியது. தோன்றினதை அப்படியே அமுக்கிவிட்டாள். ஏனென்றால் செங்கோடன் மறுபடி வேப்பமரத்தடிக்கு வந்து, இந்தத் தடவை சிரித்த முகத்தோடு, அக்கா வரச் சொல்லுச்சு, புள்ளைய வந்து கூட்டிக்கிட்டுப் போவியாமா என்று உதட்டால் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் காலையில் பாவாயி தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டி, வாய்க்காலைத் தாண்டிப் போனாள். பாயை மறுபடி வெயிலில் போட்டுவிட்டுத்தான் போனாள். கால் தரையில் பாவவில்லை.

அத்தாயி வீட்டு முன்னறையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. செங்கோடன் ஒன்றில் நின்றான், நூல் அறுந்த நாடாவை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். மூலையில் தார் சுற்றுகிற மெஷினுக்கு முன்னால் மணையில் தர்சினி உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருந்தாள். வளர்ந்தாளே தவிர ஒரு பொட்டுச் சதை இல்லை, காறை எலும்பு கவுனுக்கு வெளியே தெரிந்தது. அம்மாவைப் பார்த்ததும் 'அம்மா' என்று வாயைத் திறந்து, ஓடிவந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டாள். பாவாயி எட்டி இழுத்து அணைத்துக்கொண்டாள். எத்தனை நாளைய அணைப்பு! பிள்ளையின் முதுகு குலுங்கியது. அழுகிறாள் போல என்று முகத்தை நிமிர்த்திப் பார்த்தால், கண் காய்ந்து கிடந்தது. மறுபடி குலுங்கியது. பாவாயி உள்ளங்கையை விரித்து அந்த முதுகில் வைத்தாள். உள்ளே என்னவோ தட்டியது. அந்தத் தட்டலை அவளுக்குத் தெரியும், தன் முதுகில் மாசக்கணக்கில் சுமந்தது அது.

அப்போதுதான் கரண்டு போனது.

தேர்தலுக்குப் பிறகு முதல் தடவை. ஊர் முழுக்கத் தறிகள் ஒவ்வொன்றாக நின்று, காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் வடிந்து, எங்கேயோ ஒரு காக்கை கத்துவது கேட்டது. பாவாயியின் கைக்குள் பிள்ளை விறைத்துப் போனாள். ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னம் உப்பி, நெற்றி நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, காது வரைக்கும் சிவந்து, மூச்சே விடாமல் நின்றாள். சமையல்கட்டு வாசலில் அத்தாயி கையில் கரண்டியோடு நின்றபடி, அடக்கிக்கோ, அடக்கிக்கோ என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா நங்கையா?"

"சளிதான் பாவாயி. மழைக்குப் புடிச்ச சளி."

"எத்தன நாளாங்கறேன்!"

அத்தாயி சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். "பொட்டப்புள்ளைடி. நாளைக்கு எவன் கட்டுவான்? உன்ன இந்த ஊரு என்ன பாடு படுத்துச்சுன்னு பாத்தவ நான். என்ற புள்ளைக்கும் அந்தப் பேரு வந்துருமேன்னுதான் அடக்கச் சொன்னேன். கசாயம் வெச்சுத்தான் குடுக்கறேன், சாமி சத்தியமா, ஒரு வேளை தவறுல."

பாவாயிக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது, கூட உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. தன்னிடமிருந்து வந்ததோ, நாடாவிலிருந்து வந்ததோ, எங்கிருந்து வந்திருந்தாலும் பிள்ளையின் நெஞ்சுக்குள் அது உட்கார்ந்துவிட்டது. நல்லாயிட்டு வா என்றார்கள், அவள் நல்லாகி வந்தாள், பிள்ளை தேய்ந்து நின்றது. அவள் மண்டி போட்டு, வாயைப் பொத்தியிருந்த அந்தச் சின்னக் கைகளை விலக்கினாள்.

"இருமு கண்ணு."

பிள்ளை தலையை ஆட்டினாள். அத்தை வையும் என்று உதடு சொன்னது.

"வையட்டும். நான் இருக்கறேன்ல. நல்லா இருமு."

தர்சினி இருமினாள். கரண்டு இல்லாத மேலத்தெருவில் அந்தச் சத்தம் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போனது. காத்தாட வாசலுக்கு வந்தவர்கள் திடுக்கிட்டு, எந்த வீடு என்று பார்த்து, எழுந்து உள்ளே போனார்கள். ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. பாவாயி அந்த வளர்ந்த பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். "மொகத்த மூடிக் கூட்டிக்கிட்டுப் போடி, ஊரு பாக்குது" என்று அத்தாயி பின்னால் கதறினாள். பாவாயி முந்தானையை மடித்துப் பிள்ளையின் வாயில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், முகத்தை மூடவில்லை. மூடின கதவுகளுக்கு நடுவில் நடந்தாள். பிள்ளை நடைக்கு நடை இருமியது, அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வருகிற இருமல், நிற்கவே இல்லை.

நாலு வீடு தாண்டியிருப்பாள். இடது பக்கம் சாத்தின கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். இருமிவிட்டு, பயந்துபோய் நிறுத்தினார்கள், நிறுத்த முடியாமல் மறுபடி இருமினார்கள். அடுத்த வீட்டில் ஒன்று கிளம்பியது. எதிர்ச்சாரியில் ஒன்று, மாடியில் ஒன்று, வாய்க்கால் பக்கத்துப் பட்டறைக்குள்ளிருந்து நாலைந்து. கரண்டு வரவில்லை. பிள்ளை இருமுவதைக் கேட்டுக்கொண்டு இனி யாராலும் அடக்க முடியவில்லை. சாத்தின கதவுகளுக்குள் மேலத்தெரு முழுக்க இருமியது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சின்னப்பொண்ணு வீடும் பொன்னையன் வீடும் இருக்கிற தெருவும் அதோடு சேர்ந்துகொண்டது. அவரவர் இருமல் அவரவர் காதில் முதல் தடவையாக விழுந்தது. தெருவில் தனியாகத் திரிய அதன் பிறகு ஒன்றும் மிச்சமில்லை.

கடைசியாக ஒரு இருமல் அவள் முதுகுக்குப் பின்னால், அத்தாயி வீட்டு வாசலிலிருந்து வந்தது. பனியனோடு, நாடாவைக் கையில் பிடித்தபடி நிலைப்படியில் நின்ற ஆளுடையது. எத்தனையோ வருசம் பக்கத்தில் படுத்து எழுந்தும் பாவாயி ஒரு நாளும் கேட்டிராத இருமல் அது. நின்றாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க," என்றாள். "ஆஸ்பத்திரியில பன்னெண்டு மணிக்குச் சீட்டு எழுதறத நிறுத்திருவாங்க."